கழுத்துவலியும் தன்னம்பிக்கையும்: வினாநிரல் தமிழாக்கத்தில் எழும் சில சிக்கல்கள்

பல்கலைக்கழக மாணவரின் கழுத்துவலிக்கும் அவர்தம் தன்னம்பிக்கைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயப் புகுவோர் பொதுவாக இரண்டு வினாநிரல்களைக் கையாளுகின்றனர். ஒன்று, வலியையும் அதனால் விளையும் இயலாமையையும் அளப்பது. மற்றொன்று, மாணவர் தம்மைப்பற்றிக் கொண்டுள்ள மதிப்பையோ தம் திறனில் வைத்துள்ள நம்பிக்கையையோ அளப்பது. இரண்டும் ஆங்கிலத்தில் பிறந்தவை. மாணவர் தமிழில் விடையளிக்க வேண்டுமாயின் அவை தமிழாக்கம் செய்யப்பெறுகின்றன. பின்னர் இரு மதிப்பெண்களுக்கும் இடையே உள்ள உடன்தொடர்பு கணக்கிடப்பெற்று, வலி கூடக்கூடத் தன்னம்பிக்கை குறைகிறது என்றோ அவ்வாறு குறையவில்லை என்றோ முடிவு எழுதப்பெறுகிறது.

இம்முடிவுக்கு முன்பே மொழியியலார் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இரு வேறு பொருள்களை வினவிய நிரல்கள் தமிழுக்கு வந்தபின்னும் இரு வேறு பொருள்களைத்தாம் வினவுகின்றனவா? தமிழில் உடலால் ஆகாமையைச் சொல்லும் வினையும் உள்ளத் துணிவைச் சொல்லும் வினையும் பெரும்பாலும் ஒன்றே. அன்றியும், கழுத்தின் நிலையைக் கொண்டே மானத்தின் நிலையைப் பேசும் மரபு தமிழில் வேரூன்றியது. எனவே ஆய்வாளர் மாணவரிடம் கண்டதாகக் கருதும் உடன்தொடர்பின் ஒரு பகுதி, மொழிபெயர்ப்பாளரின் மேசையிலேயே உருவாகியிருக்கக்கூடும். அஃது எவ்வாறு நிகழ்கிறது, எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வலிக்கும் நம்பிக்கைக்கும் மெய்யாகவே தொடர்பு இல்லை என்பது நம் கருத்தன்று. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 4.5 முதல் 5.5 கிலோ. நிமிர்ந்திருக்கையில் ஏழு கழுத்தெலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் இச்சுமையை எளிதில் தாங்குகின்றன. தலை முன்னே சாயச்சாயப் பிடரித்தசைகள் இழுத்துப்பிடிக்க வேண்டிய விசை பெருகுகிறது. 60 பாகைச் சாய்வில் கழுத்தின்மேல் விழும் விசை ஏறத்தாழ 27 கிலோ எடைக்கு ஒப்பாகும் என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணித்துக் கூறினார். அது கணித உருப்படிமம் தந்த எண்ணேயன்றி எவர் கழுத்திலும் அளந்து கண்டதன்று. நாளிதழ்கள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வலி நீடித்தால் உறக்கம் கெடுகிறது, படிப்பில் கருத்து ஊன்றுவதில்லை, அசைத்தால் வலிக்குமோ என்ற அச்சத்தால் அசைவே குறைகிறது. இவ்வச்சமும் தவிர்ப்பும் வலியை மேலும் நீட்டிக்கும் என்னும் கோட்பாட்டை வ்ளாயன், லிண்டன் ஆகியோர் 2000இல் விரித்துரைத்தனர். ஆகவே தொடர்பைத் தேடுவதற்குத் தக்க காரணம் உண்டு. தேடும் கருவி அத்தொடர்பைத் தானே செய்து தந்துவிடக் கூடாது என்பதே நம் கவலை.

கருவிகள்

கழுத்துவலி ஆய்வுகளில் மிகுதியும் பயன்படுவது கனடா நாட்டின் ஹோவர்ட் வெர்னான், சில்வானோ மையர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட கழுத்து இயலாமைக் குறியீடு. வலியின் கடுமை, தன்னைப் பேணிக்கொள்ளல், பொருள் தூக்குதல், படித்தல், தலைவலி, கவனம், பணி, ஊர்தி ஓட்டுதல், உறக்கம், பொழுதுபோக்கு எனப் பத்துப் பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 50. நான்குக்கு உட்பட்டால் இயலாமை இல்லை. 34க்கு மேற்பட்டால் முழு இயலாமை.

தன்மதிப்பை அளக்க மாரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் முதன்மையானது. நியூயார்க் மாநில உயர்நிலைப்பள்ளி மாணவரை மனத்திற்கொண்டு அமைந்த பத்துக் கூற்றுகள். ஐந்து உடன்பாட்டு நோக்கின, ஐந்து எதிர்மறை நோக்கின. தன் திறனில் வைக்கும் நம்பிக்கை என்பதோ வேறு கருத்தாக்கம். 1977இல் ஆல்பர்ட் பாண்டுரா அதனை நிலைநாட்டினார். ஒருவர் தம்மை எவ்வளவு மதிக்கிறார் என்பதன்று, குறித்த ஒரு செயலைத் தம்மால் செய்து முடிக்க இயலும் என எவ்வளவு நம்புகிறார் என்பதே அதன் பொருள். வலியுற்றோருக்கென மைக்கேல் நிக்கலஸ் அமைத்த வினாநிரல், வலி இருக்கும் நிலையிலும் பத்து வகைச் செயல்களை எவ்வளவு நம்பிக்கையோடு செய்யக்கூடும் என்று 0 முதல் 6 வரை கேட்கிறது.

கழுத்து எது, வலி எது

கழுத்து எனும் சொல் எளிதாகத் தோன்றும். 2008இல் வெளிவந்த பன்னாட்டுப் பணிக்குழு வரையறையில் கழுத்துவலியின் எல்லை, பிடரியின் மேல்விளிம்பிலிருந்து தோள்பட்டை எலும்பின் மேற்புறம்வரை விரிகிறது. தமிழரின் கழுத்து அவ்வளவு இறங்குவதில்லை. அங்கே தோள்பட்டை தொடங்கிவிடுகிறது. கழுத்து என்றவுடன் தமிழர் மனத்தில் முன்புறமே எழுகிறது எனலாம். தாலி ஏறுவதும் மாலை விழுவதும் கடன் நெரிப்பதும் அங்கேதான். பின்புறத்திற்குப் பிடரி என்ற தனிச்சொல் இருந்தும் அது வலியோடு சேர்ந்து வழங்குவது குறைவு. உட்புறம் தொண்டை. இந்தியில் கலா என்பது தொண்டையையும் கழுத்தின் முன்புறத்தையும் சேர்த்துக் குறிக்க, கர்தன் கழுத்தைக் குறிக்கிறது. கன்னடத்தில் நம் கழுத்தோடு இனமான கத்து என்பதும் குத்திகெ என்பதும் உள. ஒவ்வொரு மொழியும் இவ்வுறுப்பைத் தன் விருப்பப்படி துண்டாடுகிறது. இதனை உணர்ந்தே 1987இல் வெளிவந்த நார்டிக் வினாநிரல் சொல்லை மட்டும் நம்பாது, பின்புறமிருந்து நோக்கிய உடல்வரைபடம் ஒன்றை ஒன்பது பகுதிகளாகப் பிரித்துத் தந்தது. தமிழாக்கம் செய்வோர் இவ்வரைபடத்தைத் தாள் மிச்சம் பிடிக்கும் பொருட்டு நீக்கிவிடுதல் தகாது. (மாணவர் பேச்சில் கழுத்தறுப்பு என்பது சலிப்பூட்டும் பேராசிரியரைக் குறிப்பது, அவ்வலி நம் ஆய்வுக்கு அப்பாற்பட்டது.)

வலி என்ற சொல்லின் வரலாறு சுவையானது. பழந்தமிழில் வலி என்றால் வலிமை. திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதல் நோயைப் பற்றியதன்று. தன் வலிமையும் மாற்றான் வலிமையும் ஆராய்ந்து செயலில் இறங்குவது பற்றியது. இன்றைய உளவியலார் திறன்நம்பிக்கை என்பதற்கு அஃது அண்மையில் நிற்கிறது. துடுப்பு வலித்தல் என்பதில் வலித்தல் இழுத்தல் ஆகிறது. கழுத்துவலியில் உள்ளது இவ்விழுப்புப் பொருளே போலும். நரம்பு இழுக்கிறது, பிடித்துக்கொண்டது, சுளுக்கிக்கொண்டது என்றுதான் மக்கள் சொல்கின்றனர்.

ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாநிரலில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டுள்ளன. தமிழிலும் சொல்லுக்குக் குறைவில்லை: குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், தெறிப்பு, பிடிப்பு, விறைப்பு, இசிவு, மரமரப்பு, அசதி, நோவு. ஆனால் இவற்றுள் சில உடலோடு நிற்பதில்லை. உளைச்சல் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கைகால் உளைச்சல் என்றால் உடல். அடையின்றி உளைச்சலாக இருக்கிறது என்றால் இன்றைய மாணவர் மனஉளைச்சல் என்றே கொள்வர். எரிச்சல் தோலிலும் உண்டு, சினத்திலும் உண்டு. கடுப்பு மாணவர் வழக்கில் முற்றிலும் மனநிலைச் சொல்லாகிவிட்டது. கழுத்துவலி நிரலில் இச்சொற்கள் வந்தால் வலி மதிப்பெண்ணுக்குள் மனநிலையும் நுழைந்துவிடும்.

கடுமைப் படிநிலைகளிலும் கவனம் வேண்டும். நடுத்தர அளவைக் குறிக்க மிதமான என்று பெயர்ப்பது வழக்கம். தமிழில் மிதம் என்பது விரும்பத்தக்க அளவு: மிதமான சூடு, மிதமான உணவு. மிதமான வலி என்பது படிப்பவர்க்கு ஏறக்குறைய இன்பமாகத் தொனிக்கும். ஓரளவு வலி எனல் பொருந்தும். உச்சநிலைக்குத் தாங்கமுடியாத வலி என்பதே இயல்பாக வாய்க்கு வருவது. ஆங்கில மூலம் வலியின் மிகுதியைக் கேட்க, தமிழ் தாங்குவோரின் திறனைக் கேட்கிறது. தாங்கமுடியாத என்பதற்குள் முடியாத இருக்கிறது. இதுவே நம்மை முதன்மைச் சிக்கலுக்கு அழைத்துச் செல்வது.

முடியும் என்னும் வினை

முடிதல் என்றால் நிறைவுறல், தீர்தல். அதிலிருந்து ஆற்றலைக் குறிக்கும் துணைவினை தோன்றியது. வேலை முடிந்தது என்றால் தீர்ந்தது. என்னால் முடிந்தது என்றால் ஆற்றலுக்கு உட்பட்டது. எதிர்மறையில் முடியாது என்பது மேலும் ஒரு பொருள் பெறுகிறது. வரமுடியாது என்று ஒரு மாணவர் சொன்னால் அது இயலாமையா மறுப்பா என்பது குரலில்தான் தெரியும்; வினாத்தாளுக்குக் குரல் இல்லை.

இதனினும் நுட்பமானது வேற்றுமை உருபு செய்யும் வேலை. என்னால் முடியவில்லை என்பது செயலாற்ற இயலாமை. எனக்கு முடியவில்லை என்பதோ நோயுற்றிருக்கிறேன் என்று பொருள்படும். உடம்புக்கு முடியவில்லை என்றும் வழங்கும். மூன்றாம் வேற்றுமை திறனைப் பற்றியது, நான்காம் வேற்றுமை நோயைப் பற்றியது. எழுவாயாக நிற்கவேண்டியவர் ஒருவரே, வினையும் ஒன்றே. ஓர் உருபின் வேறுபாட்டால் ஒருவர் திறனற்றவரும் ஆகலாம், நோயாளியும் ஆகலாம். பேச்சில் பெயரும் உருபும் மறைந்து, இரண்டு நாளாக முடியவில்லை என்று மட்டும் எஞ்சும். அப்போது கேட்போர் சூழலைக்கொண்டு பொருளுணர்கின்றனர்.

மொழிபெயர்த்த வினாநிரல்களில் நிகழ்வது இதுவே. கழுத்துவலியினால் என்னால் படிக்க முடியவில்லை என்ற தொடரைக் காண்க. ஒரே தொடரில் இரண்டு ஆல் உருபுகள். முதலாவது ஏதுப்பொருள், இரண்டாவது வினைமுதலின் ஆற்றல். செவிக்கு இடறுவதால் மொழிபெயர்ப்பாளர் இரண்டாவதை நீக்கிவிடுகிறார்: கழுத்துவலியினால் படிக்க முடியவில்லை. நடை செம்மையாயிற்று, படிக்க முடியாதவர் யார் என்பது மறைந்தது. திறன்நம்பிக்கை நிரலிலும் கடினமான பாடத்தையும் படித்துவிட முடியும் என்பது போன்ற கூற்று வருகிறது. வலி நிரலில் முடியவில்லை என்பதற்கு ஆமெனக் குறித்த மாணவர், அடுத்த பக்கத்தில் முடியும் என்பதைக் கண்டு தயங்குவது இயல்பு. முன்னே சொன்னதற்கு முரணாகச் சொல்ல எவரும் விரும்பார். இரு நிரல்களின் மதிப்பெண்கள் எதிரெதிராக நகர்வதற்கு அதுவே போதும். உளவியல் தொடர்பு ஏதும் அதற்கு வேண்டியதில்லை.

இதற்கு மாற்று தமிழிலேயே உண்டு. கழுத்து விறைத்தவர் எப்படிப் பேசுகிறார் என்று செவிமடுத்தால் போதும். கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்பதோடு, கழுத்து திரும்பமாட்டேன் என்கிறது என்றும் சொல்வார். மறுப்பவர் அவரல்லர், கழுத்து. உறுப்பை எழுவாயாக்கி அதற்கு மறுக்கும் உரிமையைத் தருவது தமிழ்ப் பேச்சின் இயல்பு. பேனா எழுதமாட்டேன் என்கிறது, பூட்டுத் திறக்கமாட்டேன் என்கிறது என்பனவும் இவ்வகையின. இவ்வழியைப் பின்பற்றி, வலி நிரலின் கூற்றுகளில் உறுப்பையும் செயலையும் எழுவாயாக்கலாம். நூல் படித்தால் கழுத்து வலிக்கிறது. ஒரு மணிநேரம் படித்தபின் வலிக்கிறது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது என அமைத்தால் முடியும் என்ற வினை வேண்டாததாகிறது. மூலத்தின் ஆற்றல் வினையைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதது பிழையன்றோ எனில், அன்று. மூலம் அளக்க விரும்பியது வலியின் தடையை. அதைத் தமிழ் வேறு வாய்பாட்டால் சொல்கிறது. என்னால் முடியும் என்ற வாய்பாட்டை உருபோடு முழுமையாகத் திறன்நம்பிக்கை நிரலுக்கென ஒதுக்கிவிடலாம்.

அந்த நிரலுக்குள்ளும் என்னால் முடியும் என்பது வெறுந்தொடரன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1988இல் வெளிவந்த உன்னால் முடியும் தம்பி என்ற திரைப்படத்திற்குப் பின் தமிழ்நாட்டில் அஃது ஊக்கமுழக்கமாகவே நிலைத்துவிட்டது. மாணவர் அதற்கு ஆமென்பது அளவீடா, முழக்கத்திற்குக் கைதட்டலா என்று பிரித்தறிதல் அரிது. செயலைத் திட்டமாகக் குறித்துக் கேட்டால் முழக்கத்தன்மை குறையும். வலி இருந்தும் என்பதற்கும் வலி இருந்தாலும் என்பதற்கும் உள்ள வேறுபாடும் இங்கே முதன்மையானது. இருந்தும் என்றால் வலி இப்போது உள்ளது. இருந்தாலும் என்றால் இருப்பதாக வைத்துக்கொண்டு. வலியற்ற மாணவரும் விடையளிக்கும் ஆய்வில் முன்னதை இடுவது பொருந்தாது. வலியுற்றோரை மட்டும் வினவும்போது பின்னதை இட்டால் விடை வெறும் கற்பனையாகும்.

தன்னம்பிக்கையின் சுற்றம்

தன்மதிப்பு, தன்மானம், சுயமரியாதை, தன்னம்பிக்கை ஆகியவை அகராதியில் அருகருகே நின்றாலும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. தன்மானம் பிறரால் ஊறுபடக்கூடியது; ஊறுபட்டபோதே அதன் இருப்பு தெரியும். சுயமரியாதை 1925இல் தோன்றிய இயக்கத்தின் பெயராகி, ஒரு நூற்றாண்டு அரசியல் சுமையைத் தாங்கிநிற்பது. ரோசன்பர்க் அளவுகோலின் எதிர்மறைக் கூற்றுகளுள் ஒன்று, தம்மீது இன்னும் மதிப்பு வேண்டும் என்ற ஏக்கத்தைக் குறிப்பது. மூலத்தில் அதற்கு ஆமெனல் மதிப்புக் குறைவின் அடையாளம். இன்னும் சுயமரியாதை வேண்டும் என்று தமிழில் எழுதினால் அது கொள்கை ஆகிவிடுகிறது. தலைசிறந்த தன்மதிப்பு உடையவரே முதலில் ஆமென்பார். பிற மொழிகளிலும் இக்கூற்று இடர் தந்துள்ளது. ஷ்மிட், அல்லிக் ஆகியோர் 2005இல் வெளியிட்ட 53 நாட்டு ஒப்பாய்வு, பொதுவாகவே எதிர்மறைக் கூற்றுகள் எல்லாப் பண்பாட்டிலும் ஒருபடித்தாகப் புரிந்துகொள்ளப்படவில்லை எனக் காட்டியது. தமிழில் இடருக்குக் காரணம் இலக்கணமன்று, வரலாறு.

தன்னம்பிக்கை இவ்விடரினின்று தப்பியது போலத் தோன்றினும் அதன் பின்னுறுப்பாகிய நம்பிக்கை மூன்று பொருள் சுமப்பது: ஒருவர்மேல் வைக்கும் பற்றுறுதி, ஒன்று உண்மையெனக் கொள்ளுதல், நல்லது நடக்கும் என எதிர்பார்த்தல். வலி தீரும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்பார் சொல்வது மூன்றாவதை. அவரது நம்பிக்கை மருத்துவர்மேலோ தெய்வத்தின்மேலோ இருக்கலாம். தன் திறன்மேல் இருக்கவேண்டியதில்லை. மாணவர் தமக்குள் பேசும்போது கான்பிடன்ஸ் என்ற சொல்லையே ஆளுகின்றனர். அச்சொல் அவர்தம் வழக்கில் மேலும் சுருங்கி, அவையில் அஞ்சாது பேசுதல், குறிப்பாக ஆங்கிலத்தில் பேசுதல் என்ற பொருளைப் பெற்றுவருகிறது. தன்னம்பிக்கை எனப் பெயர்த்த கூற்றை மாணவர் மனத்துள் கான்பிடன்ஸ் எனத் திருப்பிக்கொண்டு, நேர்முகத்தேர்வை எண்ணியே விடையளிக்கவும் கூடும்.

விடைநிலைச் சொற்களில் ஒன்றைமட்டும் சுட்டுவோம். உடன்படுகிறேன் என்பதற்கு ஒத்துக்கொள்கிறேன் என்று எளிமைப்படுத்துவோர் உண்டு. குற்றத்தை ஒத்துக்கொள்வதும் தமிழில் ஒத்துக்கொள்வதே. தான் பயனற்றவர் என எண்ணுவதுண்டு என்பது போன்ற கூற்றின் எதிரே ஒத்துக்கொள்கிறேன் என்ற கட்டம் நின்றால், அதில் குறியிடுவது வாக்குமூலம் அளிப்பதாகத் தோன்றும்.

தலைகுனிதலும் தலைநிமிர்தலும்

கழுத்தாய்வில் தவிர்க்கவே இயலாத ஒரு செய்தி தலையின் சாய்வு. எத்தனை மணிநேரம் தலையைக் குனிந்தபடி இருக்கிறீர்கள் என்று கேட்டாக வேண்டும். தமிழில் தலைகுனிதல் அவமானமுறுதல். தலைகுனிவு என்ற பெயருக்கு இன்று உடல்சார்ந்த பொருள் ஏறக்குறைய வழக்கிலேயே இல்லை. ஒரு நிறுவனத்திற்கோ நாட்டிற்கோ ஏற்படுவதுதான் தலைகுனிவு. தலைநிமிர்தல் பெருமை, தலைவணங்கல் பணிவு, தலைக்கனம் செருக்கு, பணியாதவர் வணங்காமுடி. இவ்வனைத்துக்கும் அச்சாணி கழுத்து என்றாலும் சொல்லளவில் தலையே பெயர்பெற்றது. தலை நிமிர்ந்து உட்காருகிறேன் என்ற கூற்று உடல்நிலைக் கூற்றா தன்மதிப்புக் கூற்றா என்பதை வாய்பாடு சொல்லாது.

இவ்விணைப்பு புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் பெருமிதமும் இளிவரலும் அடங்கும். பெருமிதம் தோன்றும் நிலைக்களன்களுள் கல்வி முதலில் வைக்கப்பட்டுள்ளது. தான் தாழ்ந்துவிட்டதாக உணரும் இளிவரலுக்கு நிலைக்களன்களாக முதுமை, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு பிணியும் சொல்லப்படுகிறது. கல்வியால் பெருமிதமும் பிணியால் இளிவரலும் என்ற இருமுனைகளுக்கு இடையே நிற்பவர்தாம் நம் ஆய்வுக்கு உட்பட்ட மாணவர். நோய்க்கும் தன்மதிப்புக்கும் உள்ள உறவைத் தமிழ்மரபு இருபதாம் நூற்றாண்டு உளவியலுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த மரபு நம் சொற்களில் படிந்திருப்பதால்தான் கருவியைச் செய்வோர் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டியிருக்கிறது.

பெண் மாணவரைப் பொறுத்தவரை சிக்கல் இரட்டிக்கிறது. குனிந்த தலை நிமிராதவள் என்பது தமிழ்க் குடும்பங்களில் பாராட்டு. பாரதியின் புதுமைப்பெண் நிமிர்ந்து நடந்தது இப்பாராட்டுக்கு எதிராகத்தான். ஆகவே தலைநிமிர்ந்து நடக்கிறேன் என்ற கூற்றுக்கு ஆண் மாணவர் ஒருவர் உடன்படுவதும் பெண் மாணவர் ஒருவர் உடன்படுவதும் ஒரே விடையாகா. பின்னவர் ஆமென்றால் அது துணிவாகவோ அடக்கமின்மையாகவோ படிக்கப்படலாம். அதனை அஞ்சி நடுக்கட்டத்தில் குறியிடலாம். கழுத்துவலியால் நிமிரமுடியாத பெண் ஒருவர் தன்மதிப்புக் குறைந்தவராகவும், அடக்கம் கருதிக் குனிந்து நடப்பவர் தவறான உடல்நிலை உடையவராகவும் அட்டவணையில் ஏறக்கூடும். இவ்வட்டவணையை நம்பி முன்னவரை உளவள ஆலோசகரிடமும் பின்னவரை இயன்முறை மருத்துவரிடமும் அனுப்பினால் இருவருக்கும் பயனில்லை.

உடல்நிலை வினாக்களில் தலைகுனிதல் என்ற கூட்டுச்சொல்லை அறவே நீக்கி, செயலையும் பொருளையும் கூறலாம்: மடியில் வைத்துப் படிக்கும் நேரம், கைப்பேசியைக் கீழே நோக்கும் நேரம், மேசைமேல் எழுதும் நேரம். சொல் கூடினாலும் மானம் நுழையாது. முடிந்தால் படம் போடலாம்.

மறுபெயர்ப்பு காட்டாதவை

ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் வலியுறுத்திய மறுபெயர்ப்பு முறை இன்று ஏறக்குறையக் கட்டாயமாகிவிட்டது. தமிழாக்கத்தை மூலம் காணாத ஒருவர் மீண்டும் ஆங்கிலமாக்க, இரு ஆங்கிலப் பாடங்களும் ஒப்பிடப்படுகின்றன. மேலே கண்ட சிக்கல்களுள் எதுவும் இச்சோதனையில் சிக்காது என்பதே வியப்பு. தலைகுனிதல் ஒழுங்காகத் தலையை வளைத்தல் என்றே ஆங்கிலத்துக்குத் திரும்பும். முடியவில்லை என்பது இயலவில்லை என்றே திரும்பும். மிதமான என்பதும் அவ்வாறே. மறுபெயர்ப்பாளர் உளவியல் அறிந்தவராயின் தன்மதிப்பு எனவேண்டிய இடத்தில் தன்னம்பிக்கை என்றிருந்தாலும் திருத்திக்கொண்டே பெயர்ப்பார். மறுபெயர்ப்பு சொல்லின் பொருளைச் சோதிக்கிறது. சொல்லின் உறவினரைச் சோதிப்பதில்லை.

பீட்டனும் பிறரும் 2000இல் வகுத்த நெறிமுறை இதனினும் விரிவானது. இரண்டு தனித்தனி மொழிபெயர்ப்புகள், அவற்றுள் ஒன்றேனும் பொருள்துறை அறியாதவர் செய்தது, இரண்டின் இணைப்பு, மறுபெயர்ப்புகள், வல்லுநர் குழு, பின்னர் 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை. குழுவில் மொழி வல்லுநர் இருத்தல் வேண்டும் என்பதும் நெறிமுறையில் உண்டு. நடைமுறையில் அவர் அழைக்கப்படுவது சந்திப்பிழை திருத்தவே. முன்சோதனையும் விடைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கூற்றையும் மாணவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லும்படி கேட்டு, அதை ஒலிப்பதிவு செய்து, அங்கே எந்த உருபு வருகிறது, எழுவாய் யார், எந்த ஆங்கிலச் சொல் நுழைகிறது என்று பார்ப்பது மொழியியலார்க்கு ஓரிரு நாள் வேலை. எனக்கு முடியவில்லை என்று திருப்பிச் சொல்பவரும் என்னால் முடியவில்லை என்று திருப்பிச் சொல்பவரும் ஒரே கட்டத்தில் குறியிட்டிருந்தால் கூற்றை மாற்ற வேண்டும்.

இருநிரல்களையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துத் தருவதும் மறுஆய்வுக்கு உரியது. கழுத்து இயலாமைக் குறியீடு என்ற தலைப்பைத் தாளின் மேலே அச்சிட்டுவிட்டு அதனடியில் தன் திறனைப்பற்றிக் கேட்பது பொருந்தாது. இயலாமை என்ற சொல் தமிழில் மருத்துவச் சொல்லாக இன்னும் ஆகவில்லை. கையறுநிலையின் பெயராகவே வழங்குகிறது. தலைப்பை ஆய்வாளர் படியில் மட்டும் வைத்துக்கொண்டு மாணவர் படியில் கழுத்துவலி பற்றிய வினாக்கள் என எழுதலாம். ஊர்தி ஓட்டுதல் பற்றிய பகுதி கார் ஓட்டாத மாணவர் பலரால் வெறுமையாக விடப்படும். அதற்கு ஈடாக இருசக்கர ஊர்தியில் செல்லுதல், பேருந்தில் நின்று பயணம் செய்தல் ஆகியவற்றை முன்சோதனையில் வைத்துப் பார்த்து ஏற்றதைக் கொள்ளலாம். வெறுமையாக விட்டதைச் சுழியாகக் கணக்கிடும் வழக்கம் மட்டும் கூடாது. ஓட்டாதவர்க்கு வலியில்லை என்று அது பொருள்படும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதே தமிழ்ப்படியை வழங்குவோர் மற்றொன்றையும் கருதவேண்டும். அங்கே பேச்சில் கழுத்து நோகிறது என்பதே இயல்பு. நோ என்ற பெயரும் வழக்கில் உண்டு. தமிழகத்தில் நோதல் பெரிதும் மனத்துக்கு உரியதாகி, மனம் நோகப் பேசுதல் என்பன போன்ற தொடர்களில் வாழ்கிறது. உடல்நிரலில் நோவு என்று எழுதினால் யாழ்ப்பாண மாணவர்க்குக் கழுத்தும் தமிழக மாணவர்க்கு நெஞ்சும் நினைவுக்கு வரும். இருவரையும் ஒரே ஆய்வில் சேர்ப்பதானால் கூற்றுகள் இரண்டு படிகளாக அமைதல் வேண்டும்.